ராத்திரி எட்டரை மணிக்கு ஆப் திறக்காம இருக்க, கையில அஞ்சு வெஜ் ஐட்டமும் ஒரு கேக்கும் போதும்



முதல்ல ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க யுபிஐ ஆப்பைத் திறந்து, போன 30 நாள்ல ஃபுட் டெலிவரிக்கு எவ்வளவு போயிருக்குன்னு கூட்டிப் பாருங்க. வீக்எண்ட்ல ஃப்ரெண்ட்ஸோட சாப்பிட்டதை விட்டுடுங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ராத்திரி தனியா ஆர்டர் பண்ணது மட்டும். அந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு மேல படிங்க.

வாடகை, இஎம்ஐ, ரீசார்ஜ் இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச செலவு. மாசம் பிறக்கும்போதே பட்ஜெட்ல இடம் ஒதுக்கிடுவோம். ராத்திரி சாப்பாட்டு ஆர்டருக்கு மட்டும் யாரும் பட்ஜெட் போடுறதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை முடிஞ்சு, லோக்கல் ட்ரெயின்லயோ பஸ்லயோ நின்னுக்கிட்டே ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ வந்து, ரூம் கதவைத் திறக்கும்போது மணி எட்டரை. பசி. வீட்டுல என்ன இருக்குன்னு யோசிக்கிற தெம்பு இருக்காது. கை தானா போனுக்குப் போயிடும்.

அதனால இந்தப் பதிவுல "தினமும் மூணு வேளை சமைங்க"ன்னு அட்வைஸ் பண்ணப் போறதில்லை. எந்த வேளைச் சாப்பாட்டை வீட்டுக்கு மாத்தினா காசு மிச்சம், எதை மாத்தவே வேணாம், பேக்கிங் லாபமா நஷ்டமா, மொத்தத்துல மாசம் எவ்வளவு நிக்கும்னு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஆர்டரைப் பிரிச்சுப் பார்த்தா

மெனுல 160 ரூபாய்னு போட்டிருக்கிற ஒரு வெஜ் ஃப்ரைட் ரைஸை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம்.

- ஐட்டம்: ₹160
- பேக்கிங்: ₹15
- இதுக்கு 5% ஜிஎஸ்டி: ₹8.75
- டெலிவரி ₹30, பிளாட்ஃபார்ம் ஃபீ ₹13
- இந்த ரெண்டுக்கும் 18% ஜிஎஸ்டி: ₹7.74
- மொத்தம்: சுமார் ₹234

உணவுக்கான 5% ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1-ல இருந்து டெலிவரி ஆப்பே நம்மகிட்ட வசூல் பண்ணி அரசுக்குக் கட்டுது. டெலிவரி கட்டணத்து மேல 18% வரி 2025 செப்டம்பர் 22-ல இருந்து வந்தது. பிளாட்ஃபார்ம் ஃபீ 2023-ல ஆர்டருக்கு 2 ரூபாய்னு ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள 10 ரூபாயைத் தொட்டுடுச்சு. ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பார்த்தா சில்லறை மாதிரி இருக்கும். சேர்த்துப் பார்த்தா 160 ரூபாய் சாப்பாட்டுக்கு 74 ரூபாய் கூடுதல்.

இன்னொரு பக்கம் பாருங்க. கிரிசில் நிறுவனம் மாசாமாசம் வீட்டுல சமைக்கிற ஒரு வெஜ் தாலிக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்கு வெளியிடுது. ரொட்டி, சோறு, பருப்பு, காய், தயிர், சாலட் எல்லாம் அதுல சேரும். 2025-ல பெரும்பாலான மாசங்கள்ல அந்தக் கணக்கு 26-ல இருந்து 29 ரூபாய்க்குள்ளதான் இருந்தது. இது இந்தியா முழுக்கப் பார்த்துப் போட்ட கணக்கு. நம்ம ஊர் விலைக்கும் கீழே போட்டிருக்கேன், பெருசா வித்தியாசம் வராது.

இது நம்ம ஒருத்தர் பிரச்சினையும் இல்ல. மத்திய அரசோட 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புல, நகரத்துக் குடும்பங்களோட மொத்தச் செலவுல சுமார் 11% பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்தின உணவு வகையறாவுக்குப் போகுது. சாப்பாட்டுச் செலவுக்குள்ள பெரிய பங்கு அதுதான். அரிசி, கோதுமை மாதிரி தானியத்துக்குப் போறது 4%-க்கும் கீழ.

மதியச் சாப்பாட்டுல கை வைக்காதீங்க

வீட்டுச் சமையல்னு ஆரம்பிச்சதும் நிறைய பேர் முதல்ல பண்றது, காலையில அஞ்சு மணிக்கு எழுந்து லஞ்ச் பாக்ஸ் கட்டுறது. ரெண்டு வாரம் ஓடும். மூணாவது வாரம் நின்னுடும்.

உங்க கம்பெனியில கேன்டீன் இருந்து, 20, 30 ரூபாய்க்குச் சாப்பாடு கிடைச்சா அதை விடாதீங்க. அந்த விலைக்கு நீங்க வீட்டுல செஞ்சாலும் மிச்சம் வராது. அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல ஆரம்பிச்ச இடம். ஆவடி டேங்க் ஃபேக்டரியும் அறுபதுகள்ல வந்ததுதான். இத்தனை வருஷமா தொழிலாளிகளை நம்பியே ஓடுற மெஸ்ஸும் தள்ளுவண்டிக் கடையும் இந்தப் பக்கம் உண்டு. மெஸ்ல 70, 80 ரூபாய்க்குச் சாப்பிட்டாலும் பரவாயில்ல. வீட்டுச் சாப்பாட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் 50 ரூபாய்க்குள்ளதான்.

அம்பத்தூர் 2011-ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்த பகுதி. அதனால அம்மா உணவகமும் ஒரு ஆப்ஷன். 2013-ல ஆரம்பிச்சப்போ வெச்ச விலை: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி ரெண்டு சப்பாத்தி 3 ரூபாய். மாசக் கடைசியில அங்க போய் நிக்கிறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்ல.

நாம மாத்த வேண்டியது ராத்திரிச் சாப்பாட்டை மட்டும். 234 ரூபாய்க்கும் 30 ரூபாய்க்கும் இடையில இருக்கிற அந்த 204 ரூபாய்தான் பெரிய ஓட்டை.

கிச்சன் செட்டப்: ஒரு தடவைச் செலவு

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இண்டக்ஷன் அடுப்பு ₹1,800, இண்டக்ஷன்ல வெக்கிற மாதிரி 3 லிட்டர் குக்கர் ₹1,200, ஒரு கடாய், ஒரு தோசைக்கல் ₹800, கத்தி, டப்பா வகையறா ₹400. மொத்தம் ₹4,200 சுமார். இதுக்கு மேல ஏர் ஃப்ரையர், மிக்ஸர் செட்னு போகாதீங்க.

கேஸ் கனெக்ஷன் இருக்கிறவங்களுக்கு: 2025 ஏப்ரல்ல 50 ரூபாய் ஏறின பிறகு சென்னையில 14.2 கிலோ சிலிண்டர் ₹868.50 ஆச்சு. அந்த விலைக்குக் கிலோ 61 ரூபாய். ஒரு பர்னர் 20 நிமிஷம் எரிஞ்சா சுமார் 50 கிராம், அதாவது 3 ரூபாய். கனெக்ஷன் எடுக்க முகவரிச் சான்று இல்லாதவங்களுக்கு 5 கிலோ குட்டி சிலிண்டர் கிடைக்கும். ஆனா அது மானியமில்லாத விலை, கிலோவுக்குக் கூடுதலா வரும்.

இண்டக்ஷன்னா 1,500 வாட்ல 20 நிமிஷம் ஓடினா அரை யூனிட். நம்ம மின்வாரியத்துல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்சது 100 யூனிட் இலவசம். ஆனா நீங்க வாடகை ரூம்ல சப்-மீட்டர்ல இருந்தா, ஓனர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறார்னு கேட்டுக்கிட்டு அடுப்பு வாங்குங்க. யூனிட் 10 ரூபாய்னாலும் ஒரு சமையலுக்கு 5 ரூபாய்தான்.

அஞ்சு ராத்திரிக்கு அஞ்சு ஐட்டம்

கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட விலை: அரிசி கிலோ ₹60, துவரம்பருப்பு ₹130, கோதுமை மாவு, ரவை ₹55, எண்ணெய் லிட்டர் ₹150, வெங்காயம், தக்காளி ₹40. உங்க ஏரியா கடையில கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். எல்லாமே ஒரு ஆளுக்கான அளவு.

1. அரிசி பருப்பு சாதம் – ₹22

கொங்குப் பக்கத்து ஐட்டம். ஒரே குக்கர், வேற பாத்திரம் கிடையாது. 100 கிராம் அரிசி, 35 கிராம் துவரம்பருப்பு. குக்கர்லயே எண்ணெய் ஊத்தி கடுகு, சீரகம், காய்ஞ்ச மிளகாய், நாலு பல் பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு போட்டு வதக்குங்க. கழுவின அரிசி பருப்பைப் போட்டு, ஒண்ணுக்கு மூணு பங்கு தண்ணி. மூணு விசில். விசில் அடங்குறதுக்குள்ள நீங்க குளிச்சுட்டு வந்துடலாம்.

2. காய்கறி ரவா கிச்சடி – ₹23

ரவையை வாங்கின அன்னிக்கே மொத்தமா வறுத்து டப்பால போட்டுடுங்க. கேரட், பீன்ஸ், பட்டாணி எது இருக்கோ அதை வெங்காயத்தோட வதக்கி, ஒண்ணுக்கு மூணு தண்ணி ஊத்தி, கொதிச்சதும் தீயைக் குறைச்சு ரவையைத் தூவிக் கிளறணும். 15 நிமிஷம். வாரக் கடைசியில மிஞ்சின காயெல்லாம் காலியாகிற இடம் இது.

3. கோதுமை தோசை, தக்காளித் தொக்கு – ₹22

கோதுமை மாவு ஒரு கப், அரிசி மாவு ரெண்டு ஸ்பூன், பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், உப்பு. மோர்ப் பதத்துக்குக் கரைச்சு உடனே ஊத்தலாம், புளிக்க வேணாம். தொக்கை மட்டும் ஞாயித்துக்கிழமை செஞ்சு வைங்க. ஒரு கிலோ தக்காளியை எண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு போட்டு எண்ணெய் பிரியிற வரைக்கும் சுருள வதக்கினா, 61 ரூபாய்க்கு எட்டு தடவைக்கு வரும். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி போடாதீங்க.

4. கடை மாவுல இட்லி, தோசை – ₹28

மாவு வாங்குறது சோம்பேறித்தனம்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. ஒரு ஆளுக்காக கிரைண்டர் வாங்கி, இடம் ஒதுக்கி, அரைச்சு, கழுவுறதை விட 50 ரூபாய் பாக்கெட் லாபம். ஒரு கிலோ மாவு மூணு வேளைக்கு வரும். முதல் நாள் இட்லி, ரெண்டாவது தோசை. மூணாவது நாள் புளிச்ச மாவுல வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு குழிப்பணியாரம், இல்ல ஊத்தப்பம்.

5. தயிர் சாதம், கொண்டைக்கடலை சுண்டல் – ₹25

காலையில கிளம்பும்போது ஒரு கைப்பிடி கடலையைத் தண்ணில போட்டுட்டுப் போங்க. ராத்திரி வரும்போது ஊறி இருக்கும். அஞ்சு விசில், ஒரு தாளிப்பு, முடிஞ்சது. தயிருக்கு ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். ஆவினோட பால் பண்ணை ஒண்ணு நம்ம அம்பத்தூர்லயே இருக்கு. காய்ச்சி, வெதுவெதுப்பா இருக்கும்போது ஒரு ஸ்பூன் உறை மோர் ஊத்தினா ரெண்டு நாள் தயிர் ரெடி. சோத்துல மட்டும் வயித்தை நிரப்பாம, பருப்பு, கடலை, தயிர்னு புரோட்டீனும் சேர்ந்துடும்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்ல இருந்தா, இதுல எதையும் மறுநாளுக்கு எடுத்து வெக்காதீங்க. நம்ம ஊர் வெயில்ல சாதம் ராத்திரியோட கெட்டுடும். ஆஸ்பத்திரி பில் வந்தா மொத்தக் கணக்கும் காலி.

பேக்கிங்: எது லாபம், எது நஷ்டம்

சாயங்காலம் டீயோட ஒரு பஃப்ஸ், இல்ல கேக் துண்டு. 20 ரூபாய். இதுக்கு வீட்டுல ஓவன் இல்லாமலே ஒரு மாற்று இருக்கு.

கோதுமை வாழைப்பழ கேக், முட்டை இல்லாம: ரெண்டு நல்லாப் பழுத்த வாழைப்பழத்தை மசிச்சு, பொடிச்ச வெல்லம் அரை கப், எண்ணெய் கால் கப், தயிர் கால் கப் சேர்த்துக் கலக்குங்க. கோதுமை மாவு ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு சலிச்சுச் சேர்த்து, ரொம்ப அடிக்காம ஒரு சுத்து கலந்தா போதும். அடி கனமான பழைய கடாயில ஒரு கப் கல் உப்பு பரப்பி, நடுவுல ஸ்டாண்டு வெச்சு, மூடி போட்டு அஞ்சு நிமிஷம் சூடு பண்ணுங்க. எண்ணெய் தடவின பாத்திரத்துல மாவை ஊத்தி உள்ள வெச்சு, மூடி, சிறு தீயில 40 நிமிஷம். குச்சி குத்திப் பார்த்தா ஒட்டாம வரணும். புது குக்கரை இதுக்குப் பயன்படுத்தாதீங்க. தண்ணி இல்லாம சூடு ஏறினா கெட்டுப்போகும். இண்டக்ஷன்லயும் இது சரியா வராது, கேஸ் அடுப்பு இருக்கிறவங்களுக்கு மட்டும்.

செலவு: மாவு ₹7, பழம் ₹14, வெல்லம் ₹6, எண்ணெய் ₹9, தயிர் ₹5, பவுடர் ₹3, கேஸ் ₹4. மொத்தம் ₹48. எட்டுத் துண்டு வரும், ஒண்ணு 6 ரூபாய். வெயில் காலத்துல வெளியில ஒரு நாளுக்கு மேல வேணாம். ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு நாள் இருக்கும்.

பிஸ்கட்? வேணாம். வீட்டுல நெய் போட்டு பிஸ்கட் செஞ்சா ஒண்ணே கிட்டத்தட்ட 5 ரூபாய் ஆகிடும். கடையில 5 ரூபாய்க்கு ஒரு பாக்கெட்டே கிடைக்குது. 2025 செப்டம்பர்ல பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18%-ல இருந்து 5%-ஆக் குறைஞ்ச பிறகு இந்தப் போட்டியில நாம ஜெயிக்கவே முடியாது. ஆசைக்குச் செய்யலாம், சேமிப்புன்னு சொல்லிக்காதீங்க.

சரி, ஓவன் வாங்கலாமா? ஓடிஜி ஒண்ணு ₹5,000-ன்னு வெச்சுக்குவோம். மாசம் ரெண்டு கேக். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு துண்டு உங்க ஆபீஸ் டீ டைமுக்கு, மிச்சம் ரூம்மேட்டுக்கு. அஞ்சு பஃப்ஸ் 100 ரூபாய், கேக் 48 ரூபாய். ஒரு கேக்குக்கு மிச்சம் 50 ரூபாய் சொச்சம். ஓவன் விலையை எடுக்க 100 கேக் செய்யணும், அதாவது நாலு வருஷம். அதே 50 ரூபாயைப் பழைய கடாயும் உங்களுக்குக் கொடுக்குது. அதனால ஓவன் உங்க பொழுதுபோக்கு பட்ஜெட்ல வரட்டும். நோ-காஸ்ட் இஎம்ஐன்னு பார்த்துட்டு உடனே வாங்காம, ரெண்டு மாசம் கடாயில செய்யுங்க. அப்பவும் ஆர்வம் இருந்தா காசு சேர்த்து வாங்கிக்கலாம்.

மொத்தக் கணக்கு

வாரம் நாலு ராத்திரி ஆர்டர் பண்றவர்னு வெச்சுக்குவோம். மாசம் 16 ஆர்டர், ₹3,744. இதை வாரத்துக்கு ஒண்ணா, மாசம் 4 ஆக் குறைக்கிறார்.

- 12 ராத்திரி × ₹204 மிச்சம் = ₹2,448
- ரெண்டு கேக் மிச்சம் = ₹100
- அழுகின காய், வீணான மாவுக்குக் கழிக்கணும் = ₹300
- கையில நிக்கிறது: சுமார் ₹2,250

அந்த வீணாப் போற 300 ரூபாயை யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க. தனி ஆள் சமையல்ல அதுதான் பெரிய எதிரி. ஒரு ஆளுக்காக கோயம்பேடு போய் மூட்டையா வாங்காதீங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, வீட்டுக்கு வர்ற வழியில கால் கிலோ, அரை கிலோன்னு வாங்குங்க.

"எனக்கு டைம் இல்லை"ன்னு சொல்றீங்களா? அதையும் பார்த்துடலாம். சமைக்க 25 நிமிஷம், பாத்திரம் கழுவ 10 நிமிஷம். 12 ராத்திரிக்கு 7 மணி நேரம். ₹2,448-ஐ 7-ஆல வகுத்தா மணிக்கு 350 ரூபாய். கையில 28,000 சம்பளம் வாங்குறவர், 26 நாள், 8 மணி நேரம்னு போட்டா மணிக்கு 135 ரூபாய் சம்பாதிக்கிறார். அடுப்படியில நிக்கிற ஒரு மணி நேரம், ஆபீஸ்ல உட்கார்ற ஒரு மணி நேரத்தை விட ரெண்டரை மடங்கு சம்பளம் தருது. அதுக்கு வரியும் இல்லை. இத்தனைக்கும், ஆர்டர் போட்டாலும் டெலிவரிக்கு அரை மணி நேரம் காத்துக்கிட்டுதான் இருக்கப் போறோம்.

இதை நடத்திக் காட்ட மூணு ரூல்

ஒண்ணு, ராத்திரி என்ன சாப்பாடுன்னு காலையிலேயே முடிவு பண்ணுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அரிசி பருப்பை அளந்து குக்கர்ல போட்டு மூடி வெச்சுட்டுப் போங்க. எட்டரை மணிக்கு வந்து யோசிச்சா ஆப்தான் ஜெயிக்கும்.

ரெண்டு, வாரத்துக்கு ஒரு ஆர்டரை வெச்சுக்கோங்க. எந்த நாள்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அடியோட நிறுத்துறவங்க பத்து நாள்ல பழையபடி ஆரம்பிச்சுடுறாங்க.

மூணு, மிச்சமாகிற காசை சம்பளம் வந்த அன்னிக்கே தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கோ ஒரு வருஷ ஆர்டிக்கோ மாத்திடுங்க. மாசக் கடைசியில மிச்சம் இருக்கும்னு விட்டா இருக்காது. மெயின் அக்கவுண்ட்ல இருக்கிற 2,250 வேற ஏதாவது ஒரு ஆஃபர்ல போயிடும்.

இந்த 2,250 எதுக்கு? எஸ்ஐபி, ஸ்டாக்னு உடனே போகாதீங்க. நம்ம பக்கத்துல நிறைய பேர் கான்ட்ராக்ட் வேலையில இருக்கீங்க. ஆர்டர் குறைஞ்சா ஷிஃப்டைக் குறைப்பாங்க, சில இடத்துல அடுத்த மாசம் வர வேணாம்னு ஒரே போன்ல முடிச்சுடுவாங்க. 12 மாசத்துல இந்தக் காசு 27,000. புதுசா அடுப்பு, குக்கர் வாங்கின செலவைக் கழிச்சாலும் முதல் வருஷமே 22,000 தாண்டும். அந்தப் பணம் இருந்தா வாடகைக்காக லோன் ஆப் பக்கம் போக வேண்டியதில்லை. கிடைச்ச முதல் வேலையைப் பயத்துல ஒத்துக்கவும் வேண்டியதில்லை. நல்ல வேலை தேட ஒரு மாசம் டைம் கையில இருக்கும்.

ஆரம்பத்துல எழுதி வெச்ச அந்த நம்பர் எவ்வளவு வந்தது? நீங்க 20 நிமிஷத்துல செய்ற வெஜ் ஐட்டம் எது, அதுக்கு எவ்வளவு செலவாகுதுன்னும் சேர்த்து கமெண்ட்ல போடுங்க. நல்லா இருக்கிறதை அடுத்த வீடியோவுல கணக்கோட செஞ்சு பார்த்துடுவோம். நாளைக்கு ராத்திரிக்கு அரிசி பருப்பு சாதத்துல இருந்து ஆரம்பிங்க!